திருவிடந்தையும் அந்திம ஸ்மரணமும்

கோவளத்திற்குச் சற்றுத் தெற்கே, திருமங்கையாழ்வாரின் மங்களாசாசனம் பெற்ற திருவிடந்தையில், ஆதிசேஷன்மேல் ஒரு திருவடி ஊன்றி, அகிலவல்லித் தாயாரை இடத்தொடையில் தாங்கி நிற்கும் ஆதிவராகப் பெருமாளை விவாகப் பிரார்த்தனைக்காகவே மாலையும் கையுமாகப் பலர் நாடி வருகின்றனர். ஆயினும் வராக மூர்த்தியோடு வைணவ சம்பிரதாயம் பிணைத்துப் போற்றும் வராக சரம சுலோகம், மரணப் படுக்கையில் கிடப்பவர்க்கே பேராறுதலாக அமைந்தது.

சித்தம் தெளிந்து சரீரம் தளராதிருக்கும் காலத்தில் தம்மை நினைத்தவன், பிற்காலத்தில் கட்டைபோலவும் கல்போலவும் உணர்விழந்து கிடந்தாலும், அப்போது தாமே அவனை நினைப்பதாக வராகர் பூமிப்பிராட்டிக்கு அளித்த வாக்கே அதன் சாரம். வேதாந்த தேசிகர் (1268–1369) இதன் விளக்கத்திற்கென்றே ‘ரஹஸ்ய சிகாமணி’ இயற்றினார்.

நோயாளியின் துயர் தணிக்கும் முயற்சிகள் அண்மைக் காலத்திலும் எழுந்தன. 1967-இல் மருத்துவர் சிசிலி சாண்டர்ஸ் லண்டனில் அந்திமகாலப் பராமரிப்பு இல்லம் திறந்தார். 1979-இல் ஜான் கபாட்-ஜின் அமெரிக்காவில், நாட்பட்ட வலியால் வருந்துவோர்க்கு மூச்சைக் கவனிக்கும் தியானத்தைப் பயிற்றத் தொடங்கினார். இம்முயற்சிகள் நன்மை தருவனவே. ஆனால், நினைக்கும் சக்தியே அற்றுப்போன நோயாளியின் நிலையை நம் முன்னோர் எத்தனை கருணையோடு எண்ணிப் பார்த்திருக்கிறார்கள்!

ஆகவே, வேதனையில் துடிப்பவரிடம் பகவானை நினையுங்கள் என்று வற்புறுத்தாதீர்கள். முதலில் வலிக்கு மருந்து கிடைக்கச் செய்யுங்கள். பின்பு, அவர் விரும்பினால், கையைப் பற்றியபடி அந்தச் சுலோகத்தை நீங்களே மெல்லச் சொல்லுங்கள்.