பாவாத மலையும் ஷீராஸின் ஷெய்கும்

ஹட்டனிலிருந்து மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்குச் செல்லும் பாதையின் இருமருங்கிலும் தேயிலைத் தோட்டங்கள். அவற்றுக்கு மேலே கூம்பாக எழுந்து நிற்கிறது ஒரு சிகரம். பௌத்தர்களுக்கு அது ஸ்ரீபாத. இந்துக்களுக்குச் சிவனொளிபாத மலை. நமக்குப் பாவாத மலை. சுவனத்திலிருந்து இறக்கப்பட்ட ஆதம் (அலை) அவர்களின் பாதம் பதிந்த இடம் என்ற நம்பிக்கை மிகப் பழையது. கி.பி. 851ஆம் ஆண்டின் அறபு வணிகர் குறிப்புகளிலேயே அது பதிவாகியுள்ளது.

தேயிலையும் ரயிலும் இம்மலைகளுக்கு 19ஆம் நூற்றாண்டில் வந்தவை. முஸ்லிம் யாத்திரை அவற்றுக்குப் பல நூற்றாண்டுகள் முந்தியது. அந்த யாத்திரைக்கு வழி திறந்தவராக நினைவுகூரப்படுபவர் வணிகரோ படைத்தலைவரோ அல்லர். ஆரம்பகால ஸூபி ஒருவர்.

ஷீராஸ் நகரின் அபூ அப்தில்லாஹ் இப்னு கபீப் (றஹ்) ஹிஜ்ரி 371இல் (கி.பி. 982) மறைந்தார். 'அஷ்ஷெய்குல் கபீர்' என்று போற்றப்பட்டவர். பக்தாதில் சிறையிருந்த ஹல்லாஜைச் சென்று கண்டவர். எனினும் ஷரீஅத்தின் வரம்பை விட்டு விலகாதவர். சில உலர்திராட்சைகளோடு நோன்பு துறப்பார் என்று ஸூபிகளின் சரிதைகள் கூறும்.

1327இல் ஷீராஸில் அவரது அடக்கத்தலத்தைத் தரிசித்த இப்னு பதூதா ஒரு சம்பவத்தைச் சொல்கிறார். ஷெய்கு முப்பது பக்கீர்களுடன் இம்மலையை நோக்கி வருகிறார். காட்டில் வழி தவறுகிறது, பசி வாட்டுகிறது. யானைக்குட்டி ஒன்றைப் பிடித்து உண்ண அனுமதி கேட்கிறார்கள். ஷெய்கு தடுக்கிறார். அவர்கள் மீறி அறுத்து உண்கிறார்கள், அவர் தொடவில்லை. இரவில் யானைகள் வந்து ஒவ்வொருவராக முகர்ந்து கொன்றுவிடுகின்றன. ஷெய்கை முகர்ந்த யானை அவரைத் துதிக்கையால் தூக்கி முதுகில் ஏற்றி, மக்கள் வாழுமிடத்தில் இறக்கிவிடுகிறது.

ஷெய்கு மறைந்து 345 ஆண்டுகளுக்குப் பின் கேட்ட கதை இது. இதை நடந்த நிகழ்ச்சிக்கான சான்றாகக் கொள்வதற்கில்லை. மக்கள் எதை மதித்தார்கள் என்பதற்கான சான்றாகக் கொள்ளலாம். யானை சுமந்ததையே நாம் கராமத்தாகப் பேசுகிறோம். ஆனால், கதையின் உயிர் பேணுதலில் இருக்கிறது. உயிர் போகும் பசியில் விலக்கப்பட்டதையும் உண்ணலாம் என்பது பிக்ஹின் சலுகை. அந்தச் சலுகை இருந்தும் கையை மடக்கிக்கொண்டவர் ஷெய்கு. ஆரம்பகால ஸூபிகள் பேசிய வரஃ, தவக்குல் ஆகிய இரண்டும் இங்கே சொற்களாக அல்லாமல் செயலாக நிற்கின்றன.

இதன் விளைவையும் இப்னு பதூதா குறிப்பிடுகிறார். அதற்கு முன் முஸ்லிம்களைத் தடுத்துவந்த இத்தீவின் மக்கள், பின்னர் அவர்களை வீடுகளில் தங்கவைத்து மதித்தார்களாம். 1344இல் அவரே மலையேறியபோது ஆரியச் சக்கரவர்த்தி நான்கு யோகிகளையும் மூன்று பிராமணர்களையும் துணைக்கு அனுப்பினார். உச்சிக்கு ஏறும் இரும்புச் சங்கிலிகளில் பத்தாவது, 'ஷஹாதத் சங்கிலி'. கீழே நோக்குவோர் அச்சத்தில் கலிமா மொழிவதால் அந்தப் பெயர்.

மார்கழி முதல் வைகாசிப் பூரணை வரையான பருவகாலத்தில் இன்றும் பல சமயத்தாரும் இம்மலை ஏறுகிறார்கள். மலை யாருடையது என்ற சர்ச்சை எழும்போது, பழைய நூல்களைப் புரட்டி உரிமைப் பத்திரம் தேடுபவர்கள் நம்மிலும் உண்டு. அந்த நூல்களில் நமக்குக் கிடைப்பது உரிமைப் பத்திரமல்ல. பசித்திருந்தும் பிறிதோர் உயிரின் குட்டியைத் தொடாத ஒருவரின் நினைவுதான். இம்மண்ணில் நம்மவர்க்குக் கதவு திறந்தது அந்த நடத்தைக்காகத்தான் என்கிறது கதை.