சாப்பாட்டறை அலுமாரியின் நீலப் பீங்கான்கள்

விடுதியில் இருந்தவர்களுக்கு அந்தக் கண்ணாடி அலுமாரி நினைவிருக்கும். எப்போதும் பூட்டித்தான் இருக்கும். உள்ளே பாலமும் வில்லோ மரமும் இரண்டு பறவைகளும் பதித்த நீலப் பீங்கான்கள். சீனத்துக் காதல் கதையென்று மூத்த அக்காமார் சொல்ல, நாங்கள் அழாத குறையாகக் கேட்டோம். அந்தச் சித்திரம் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் பிறந்தது என்பதும், கதையும் அங்கேயே கட்டப்பட்டது என்பதும் பின்னாளில் படித்தறிந்தவை.

செப்புத் தகட்டில் செதுக்கிய படத்தை மெல்லிய தாளில் ஒற்றி, தாளைப் பீங்கானில் பதிப்பார்கள். விளிம்புப் பூவேலை பொருந்தாமல் நிற்குமிடம், தாளின் இரு முனைகள் சந்தித்த இடம். வயதறியப் பின்புறத்தைத் திருப்ப வேண்டும். வைர வடிவப் பதிவு முத்திரை 1842 முதல் 1883 வரை வழங்கியது. 'இங்கிலாந்து' என்ற சொல் இருந்தால் பெரும்பாலும் 1891க்குப் பிற்பட்டது. அமெரிக்க இறக்குமதிச் சட்டம் நாட்டின் பெயரைக் கேட்டது.

மெருகில் ஈயமும் கலந்தார்கள். அதைக் கையாண்ட ஸ்டாபோர்ட்ஷயர் பெண் தொழிலாளர் பலர் நஞ்சேறி நோயுற்றார்கள். பழைய பீங்கான் வாங்கும் தோழியருக்கு வைத்தியர்களாக ஒரு சொல்: அழகுக்கு வையுங்கள், புளிக்கறியும் தயிரும் அதில் வேண்டாம்.

1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரவில் தேயிலை நட்டார். அதே ஆண்டு கண்டிக்கு ரயிலும் வந்தது. துரைமார் பங்களாக்களுக்கு இந்தச் சாமான்கள் மலையேறுவது சுலபமாயிற்று. 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையானபோது பங்களாச் சாமான்கள் கைமாறின. நம் அலுமாரிக்கும் அப்படித்தான் வந்தனவாம். அதே ஆண்டுகளில், 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி, லயங்களிலிருந்து எத்தனையோ குடும்பங்கள் தகரப் பெட்டிகளோடு தலைமன்னாருக்கு ரயிலேறின.

எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் அம்மாயி போகவில்லை. பங்களாக் குசினியில் பீங்கான் கழுவியவர். ஒன்று உடைந்தால் சம்பளத்தில் பிடிப்பார்களாம். பெற்றோர் தினத்துக்கு வந்தவர் அலுமாரி முன் நின்று, "அந்த மூணாவது தட்டைத் திருப்பிப் பாரு, கம்பி போட்டிருக்கும்" என்றார். மேற்பார்வையாளர் திறந்து காட்டினார். விரிசலின் இருபுறமும் துளையிட்டு, மூன்று உலோகக் கவ்விகள்.

கவ்வி போட்டதைச் சேகரிப்போர் விலை குறைத்தே கேட்பார்கள். தையல் போடும் தொழிலில் இருப்பதாலோ என்னவோ, பாடசாலைக்குப் போகும்போதெல்லாம் நாங்கள் முதலில் தேடுவது அந்த மூன்றாவது தட்டைத்தான்.