சி மொழியில் அணியும் சுட்டியும் வந்த கதை



நம் தாத்தா பாட்டிமார் குடியிருந்த தோட்டத்து லயத்தைச் சற்று மனக்கண்ணில் கொண்டு வாருங்கள். ஒரே அளவு வீடுகள், ஒட்டினாற்போல் வரிசையாக நிற்கும். முதல் வீடு தெரிந்தால் போதும். "அங்கேயிருந்து நாலு வீடு தள்ளிப் போ" என்றால் சின்னப் பிள்ளைகூடப் போய்ச் சேர்ந்துவிடும். கணினிக்கான சி மொழியில் இந்த லயத்திற்குப் பெயர் அணி. வீட்டின் முகவரி எழுதிய துண்டுச் சீட்டுக்குப் பெயர் சுட்டி. இவ்விரண்டும் உறவான வரலாறு சுவையானது.

1967 வாக்கில் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த மார்ட்டின் ரிச்சர்ட்ஸ் பி.சி.பி.எல். என்னும் மொழியை அமைத்தார். அதைச் சுருக்கி, அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன் பி மொழியை ஆக்கினார். இம்மொழிகளில் 10 அறை கேட்டால் 11 அறை செலவாகும். கூடுதலான அந்த ஓர் அறையில் முதல் அறையின் முகவரி இருக்கும்.

அதே கூடத்தில் பணியாற்றிய டென்னிஸ் ரிச்சிக்கு இங்கேதான் சிக்கல் வந்தது. யூனிக்ஸின் கோப்புப் பட்டியலில் ஒவ்வொரு பதிவிலும் ஓர் எண்ணும், பெயருக்கென 14 இடமும் மட்டுமே உண்டு. அதற்குள் முகவரிச் சீட்டை எங்கே ஒளித்து வைப்பது? ரிச்சி என்ன செய்தார் தெரியுமா? சீட்டே வேண்டாம் என்று விட்டார்! அணியின் பெயரைக் கணக்கில் சொன்னவுடன், அதுவே முதல் அறையின் முகவரியாக மாறிக்கொள்ளும்படி செய்தார். 1972-ஐ ஒட்டி சி மொழி இப்படி உருப்பெற்றது. 1973-ல் யூனிக்ஸின் கருப்பகுதியே அம்மொழியில் திருப்பி எழுதப்பட்டது.

சி மொழியில் முதல் அறையின் எண் 1 அல்ல, 0. ஏன்? அந்த எண் "எத்தனை அறை தள்ளி" என்பதைக் குறிக்கிறது. முதல் அறைக்குத் தள்ளிப் போக வேண்டியதே இல்லையல்லவா?

ஆனால் ஒன்று. சீட்டில் முகவரி இருக்கும். லயத்தில் எத்தனை வீடு என்பது இருக்காது. எண்ணாமல் நடந்தால் அடுத்தவர் வீட்டுக்குள் புகுந்துவிடுவோம். 1988 நவம்பர் 2-ஆம் நாள் பரவிய மோரிஸ் புழு என்னும் நிரல் இப்படித்தான் நுழைந்தது. 512 பைட்டு இடம் வைத்திருந்த ஒரு நிரல், வந்ததை அளக்காமல் வாங்கிக் கொட்டியது. மிஞ்சியது பக்கத்து இடத்தில் வழிந்தது. புழு அந்த வழியையும் பயன்படுத்தி ஆயிரக்கணக்கான கணினிகளைத் திணறடித்தது. அப்படி அளக்காமல் வாங்கும் கட்டளையை 2011-ஆம் ஆண்டின் சி மொழித் தரம் ஒரேயடியாக நீக்கிவிட்டது.

இது எங்கோ நடந்த கதை, நமக்கென்ன என்று இருந்துவிடாதீர்கள். நம் ஊர்ப் பெயரையே எழுதிப் பாருங்கள்: பெக்கோக். கண்ணுக்கு 4 எழுத்து. யூனிகோடு முறையில் அது 8 குறிகள். யூ.டி.எஃப்-8 அமைப்பில் குறிக்கு 3 பைட்டாக 24 பைட்டு. சொல் முடிந்ததைக் காட்டும் சுழியத்தோடு 25. அன்றைய யூனிக்ஸின் 14 இடத்தில் நம் ஊர் அடங்கியே இருக்காது! "நாலு எழுத்துதானே" என்று 5 இடம் ஒதுக்கி எழுதுகிறவன், அடுத்த வீட்டுச் சுவரை இடிக்கிறான்.

நாளை உங்களில் யாராவது தமிழுக்கு நிரல் எழுதலாம். அன்று முதல் வீட்டை மட்டும் தெரிந்து வைத்துக்கொண்டு கிளம்பாதீர்கள்; கடைசி வீடு எது என்பதையும் கேட்டுக்கொண்டு நடங்கள்.