நாம் வாழும் தெருவை நாமே தேர்ந்த வரலாறு

வெள்ளி விழா மலருக்குக் கல்வி பற்றிக் கட்டுரை தருக என்று சங்கச் செயலாளர் அவர்கள் அன்புடன் பணித்தார்கள். யாமோ மனை பற்றி எழுதத் துணிந்தோம். காரணம் உண்டு. சங்கம் தொடங்கிய நாட்களில் பெற்றோர் எம்மிடம் வினவியவை விடுதிச் சேர்க்கையும் உதவித்தொகையுமே. அன்று அவர்தம் கைப்பிடித்து வந்த பிள்ளைகள் இன்று ஆசிரியராகவும், செவிலியராகவும், ஆலை மேற்பார்வையாளராகவும் அமர்ந்துள்ளனர். அவர்கள் கேட்கும் வினா வேறு: “ஐயா, மனை எங்கே வாங்கலாம்? இராசபாளையத்திலா, திருவில்லிபுத்தூரிலா? எந்தப் பகுதி நல்லது?” இவ்வினா நம் தாத்தாமார் நாவில் எழுந்ததில்லை. அது எழுந்ததே கல்வியின் பயன். ஆதலின் இதுவும் கல்விக் கட்டுரையே எனக் கொள்க.

பிறர் குறித்த இடம்

மனிதன் எங்கே வாழ வேண்டும் என்பதை அவன் பொருளும் விருப்பமும் முடிவு செய்யும் என்பர். நம்மவர்க்கு அதனைப் பிறப்பே முடிவு செய்தது. ஊர் ஓரிடம், சேரி ஓரிடம். ஊருக்கு மேட்டு நிலம். நமக்குக் கண்மாயின் கீழ்ப்புறம், மழைக்காலத்தில் நீர் தேங்கும் பள்ளம். குடிசை நம்முடையதாயினும் அது நின்ற மண் நம்முடையதாக இல்லை. நிலவுடைமையாளர் “எழுந்து போ” என்றால் கூரையைப் பிரித்துச் சுமந்து செல்ல வேண்டியதே.

இந்நிலையை அரசின் ஏடுகளில் ஏற்றிய பெருமை செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியராயிருந்த திரமென்கீர் என்னும் ஆங்கிலேயரைச் சாரும். அவர் 1891இல் அளித்த அறிக்கையின் பயனாக 1892ஆம் ஆண்டு சென்னை மாகாண அரசு ஆணை பிறப்பித்தது. அதன் வழியே நம் மக்களுக்கு அளிக்கப்பட்ட நிலங்களே பஞ்சமி நிலங்கள். பத்து ஆண்டுகளுக்கு விற்றல் கூடாது, அதன் பின்னரும் தாழ்த்தப்பட்டோர்க்கன்றிப் பிறர்க்கு விற்றல் கூடாது என்பன அதன் நிபந்தனைகள். நிபந்தனை ஏட்டில் நின்றது, நிலம் கைமாறியது. அதனை மீட்கக் கேட்டுச் செங்கற்பட்டு வட்டாரத்துக் காரணையில் 1994 அக்டோபரில் நம்மவர் திரண்டபோது, காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்னும் இருவர் உயிர் நீத்தனர்.

வயலுக்கான நிலத்தைப் போலவே வீட்டுக்கான மண்ணும் போராடிப் பெற்றதே. 1920களில் தொழிலாளர் துறை நத்தம் மனைகளை வாங்கி, கூட்டுறவுச் சங்கங்களின் வாயிலாகத் தவணைப் பணம் பெற்று நம் மக்களுக்கு வழங்கியது. உழவுத் தொழிலாளர் 1971 ஜூன் 19ஆம் நாள் குடியிருந்த மனை அவர்க்கே உரியது எனக் குடியிருப்புச் சட்டம் அவ்வாண்டில் உரைத்தது. 1974இல் ஆதிதிராவிடர் வீட்டு வசதிக்கெனத் தாட்கோ தோன்றியது. வீட்டுமனைக்கு நிலம் எடுக்கத் தனிச்சட்டம் 1978இல் வந்தது. இவை யாவும் நன்மைகளே. எனினும் ஒன்றை உற்று நோக்குக. இவை அனைத்திலும் இடத்தைத் தேர்ந்தவர் அரசினர், நாம் பெற்றுக்கொண்டவர்கள். பெரும்பாலும் அவ்விடம் பழைய சேரியை ஒட்டியே அமைந்தது. சேரி என்ற பெயர் போய்க் காலனி என்ற பெயர் வந்தது. அப்பெயரும் நாளடைவில் இழிசொல்லாகத் திரிந்தமையால், அரசு ஆவணங்களிலிருந்து அது நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவித்தார்.

நடக்கும் உரிமையும் வாழும் உரிமையும்

பொதுத் தெருவில் எவரும் நடக்கலாம் என்று ஒரு தீர்மானம் தேவைப்பட்ட நாடு இது. இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் அத்தீர்மானத்தைக் கொண்டு வந்தார்கள். தெருவில் நடக்கும் உரிமை அவ்வாண்டில் ஏட்டில் ஏறியது. அதே தெருவில் வீடு வாங்கி வாழும் உரிமை ஏட்டில் ஏற மேலும் முப்பத்தோர் ஆண்டுகள் சென்றன. 1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றச் சட்டத்தின் நான்காம் பிரிவு, எந்தப் பகுதியிலாயினும் குடியிருப்பு மனையைக் கட்டவோ, அடையவோ, அதில் வசிக்கவோ தீண்டாமை காரணமாகத் தடை செய்வது குற்றம் என்கிறது. 1976இல் திருத்தம் பெற்று, குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்னும் பெயரில் இன்றும் அது நடைமுறையில் உள்ளது. கடைவீதி, கிணறு, கோயில் ஆகியவற்றுக்கான பிரிவுகளை நம்மவர் பலர் அறிவர். இச்சிறு பிரிவை அறிந்தோர் சிலரே.

இதன் அருமையை அறிய அண்ணல் அம்பேத்கரின் வாழ்வை நினைக. அயல்நாட்டில் உயர்கல்வி பெற்றுத் திரும்பி, 1917இல் பரோடா அரசில் பணியேற்ற அப்பெருமகனுக்கு அந்நகரில் தங்க ஓரிடம் கிட்டவில்லை. பார்சிகளின் விடுதி ஒன்றில் பார்சிப் பெயரால் தங்கினார்; சில நாட்களில் தடியேந்திய கூட்டத்தால் வெளியேற்றப்பட்டார். அப்பெருமகனே 1930களில் பம்பாய்த் தாதரில், கற்றோர் வாழும் பகுதியில், தம் நூல்களுக்கென்றே ‘இராசகிருகம்’ என்னும் இல்லத்தை எழுப்பினார். தங்க இடமின்றிப் பரோடாப் பூங்காவில் கண்ணீர் விட்டவர் தம் தெருவைத் தாமே தேர்ந்தார்.

இத்தீமை நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் கறுப்பின மக்களுக்கு விற்கலாகாது என்று வீட்டுப் பத்திரங்களிலேயே எழுதி வைத்தனர். அத்தகைய ஒப்பந்தத்தை நீதிமன்றம் நிறைவேற்றித் தராது என 1948இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வீட்டு விற்பனையில் நிற வேற்றுமையைத் தடுக்கும் சட்டம் 1968இல்தான் வந்தது. நம் நாட்டிலோ, ஒரு சமயத்தாரே உறுப்பினராகலாம் என்னும் வீட்டுவசதிச் சங்க விதியை 2005இல் நம் உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. சட்டத்தின் கதவு முழுதும் திறந்துவிடவில்லை என்பதை இதனால் உணர்க.

இரு நகரங்கள்

இனி நம் பகுதிக்கு வருவோம். திருவில்லிபுத்தூர் கோயிலால் எழுந்த ஊர். ஆண்டாள் கோயிலைச் சுற்றி மாட வீதிகள், தேரோடும் வீதிகள், அவற்றுக்கு வெளியே தொழில் வழிப்பட்ட தெருக்கள், யாவற்றுக்கும் அப்பால் நம் தெருக்கள் என அமைந்தது. 1894இல் நகராட்சியாயிற்று. மாவட்ட நீதிமன்றம் இங்கே உள்ளமையால் எழுத்தர், வழக்கறிஞர், அலுவலர் குடியேறும் ஊராக வளர்ந்தது. இராசபாளையம் பருத்தியால் எழுந்த ஊர். 1927இல் இருப்புப் பாதை வந்தது. 1936இல் இராசபாளையம் மில் தோன்றியது. 1941இல் நகராட்சி அமைந்தது. கோயிலூரில் ஒருவன் இடம் அவன் பிறந்த தெருவால் அறியப்பட்டது. ஆலையூரில் சங்கு ஊதினால் எல்லாத் தெருவினரும் ஒரே வாயிலில் நுழைந்தனர். ஆயினும் வேலை முடிந்து திரும்பும்போது அவரவர் தெருவுக்கே திரும்பினர். இயந்திரம் பணியிடத்தைக் கலந்தது, குடியிருப்பைக் கலக்கவில்லை.

1997ஆம் ஆண்டை நம் மாவட்டத்தார் மறவார். விருதுநகர் மாவட்ட அரசுப் போக்குவரத்துக் கழகத்திற்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் சூட்டப்பட்டபோது எதிர்ப்பும் கலவரமும் மூண்டன. முடிவில் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்கள் அகற்றப்பட்டன. ஒரு பேருந்தின் நெற்றியில் நம் பெயர் நிற்பதைப் பொறாதவர் தம் தெருவில் நம் கதவு நிற்பதைப் பொறுப்பரோ என்ற அச்சம் அந்நாளில் பல இல்லங்களில் எழுந்தது. அதற்கு விடை போல, எல்லாச் சாதியினரும் கலந்து வாழும் சமத்துவபுரம் என்னும் திட்டம் பிறந்தது. அதன் முதல் குடியிருப்பு 1998இல் திருமங்கலம் அருகே மேலக்கோட்டையில் திறக்கப்பட்டது. நூறு வீடுகளில் நாற்பது தாழ்த்தப்பட்டோர்க்கு. மதுரைக்குச் செல்லும் நம்மவர்க்கு அது வழியிலேயே உள்ள பாடம்.

எம் வாழ்வில் கண்டது

யாம் பணியில் சேர்ந்த புதிதில் திருவில்லிபுத்தூரில் வாடகைக்கு வீடு தேடினோம். தேர் வீதிக்கு அண்மையில் ஒரு வீடு அமைந்தது. வீட்டுக்கார அம்மையார் முன்பணம் பெற்றுக்கொண்டு, காப்பியும் கொடுத்து, “சார், சொந்த ஊர்ல எந்தத் தெரு?” என்று கேட்டார்கள். மறைக்காது சொன்னோம். மறுநாள் காலை முன்பணம் திரும்பி வந்தது. உறவினர் குடிவரப் போவதாகக் காரணம் கூறினார்கள். மூன்று மாதங்களுக்குப் பின்னும் அவ்வீடு பூட்டியே கிடந்தது. சட்டப்பிரிவு எம் கையில் இருந்தது, சான்று இல்லை. இதுவே இக்குற்றத்தின் இயல்பு.

பின்னர் 2008இல், வங்கிக் கடனும் எம் மனைவியாரின் நகையும் துணை நிற்க, இரு நகரங்களுக்கும் இடைப்பட்ட சாலையை ஒட்டி மூன்று சென்ட் மனை பார்த்தோம். எம் தந்தையார் கேட்டது ஒன்றே: “ஏப்பா, அங்க நம்ம ஆளுக யாராச்சும் இருக்காகளா?” அன்று அதனைப் பழமையான அச்சம் என எண்ணினோம். வீடு கட்டிய நான்காம் ஆண்டில் தந்தையார் மறைந்தார். அந்நகரில் அண்டை வீட்டார் இருவர் வந்து தலைவாயிலில் நின்றனர். உடலைச் சுமக்க வந்தோர் பழைய தெருவினரே. புதிய குடியிருப்புக்கு மயானப் பாதையே குறிக்கப்பட்டிருக்கவில்லை. தந்தையாரின் வினா அச்சத்தில் எழுந்ததன்று, அறிவில் எழுந்தது என அன்று தெளிந்தோம். எனினும் நின்ற இருவரையும் யாம் மறக்கவில்லை. அவர்களுள் ஒருவர் பிள்ளை பின்னாளில் எம்மிடமே பாடம் கேட்க வந்தான்.

தேர்வோர்க்குச் சில சொல்

ஆகவே, எந்தப் பகுதி நல்லது என்று கேட்கும் இளைஞர்க்கு யாம் உரைப்பன இவை. முதலாவது, தாய்ப்பத்திரமும் வில்லங்கச் சான்றும் பட்டாவும் பாராமல் முன்பணம் கொடாதீர். மலிவாக வரும் மனை கண்மாய் உள்வாயாக இருக்கலாம். அதனைக் காக்க 2007இன் ஏரிகள் பாதுகாப்புச் சட்டம் உண்டு. பஞ்சமி நிலமாகவும் இருக்கலாம். வட்டாட்சியர் அலுவலகத்தில் அ-பதிவேட்டைப் பார்த்துத் தெளிக. நம் மக்களின் நிலத்தை நாமே மனையாகப் பிரித்தவரிடம் வாங்கி, அக்களவுக்குத் துணை போதல் தகாது.

இரண்டாவது, அங்கீகாரமில்லா மனைகளைப் பதிவு செய்யலாகாது எனச் சென்னை உயர் நீதிமன்றம் 2016இல் தடை விதித்ததையும், அவ்வாண்டு அக்டோபர் 20க்கு முற்பட்டவற்றை வரன்முறைப்படுத்த 2017இல் விதிகள் வந்ததையும் நினைவிற்கொள்க. நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் ஒப்புதல் எண் இல்லாத மனைக்குக் கடனும் கிட்டாது. மூன்றாவது, மகளிர் பெயரில் பதிவு செய்க. பத்து இலட்சம் ரூபாய் வரையுள்ள சொத்துக்கு 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் நூற்றுக்கு ஒரு பங்கு சலுகை உண்டு.

நான்காவது, பள்ளிக்கு நடந்து செல்லும் தொலைவும், குடிநீர்க் குழாயும், மயானப் பாதையும் பார்க்க. சாலையின் அகலத்தை இறுதியில் பார்க்கலாம். ஐந்தாவது, ஒருவராகச் செல்லாமல் மூன்று நான்கு குடும்பங்களாகச் சென்று அடுத்தடுத்த மனைகளை வாங்குக. அது நாமே புதிய சேரியை அமைப்பதாகாது. பிற தெருவினர் நெடுங்காலமாகச் செய்து வருவதே அது.

இறுதியாக ஒன்று. விற்பவர் ஊரும் தெருவும் கேட்கும்போது பொய் சொல்லி வாங்க வேண்டா. அவ்வாறு வாங்கிய வீட்டில் பிள்ளைகள் தம் தாத்தாவின் தெருப்பெயரை விழுங்கி வளர்வர். விருந்தினர் வந்தால் சன்னலை அடைப்பர். மெய் சொல்லி மறுக்கப்பட்டால் அடுத்த மனையை நாடுக. சான்று இருப்பின் சங்கத்தை நாடுக.

நம் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளில் எண்ணற்ற பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பியது. அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளில் அவர்கள் வாங்கும் வீட்டு வாயில்களில் அவர்தம் பெற்றோர் பெயரும் பொறிக்கப்பட்டிருத்தல் வேண்டும். அவ்வாயிலைக் கடந்து செல்வோர் அதனைப் படித்து, இயல்பாக மேற்செல்லும் நாள் வருக.