டேவியின் விளக்கு

1812ஆம் ஆண்டு மே 25ஆம் நாள், வட இங்கிலாந்தின் பெல்லிங் நிலக்கரிச் சுரங்கம் வெடித்தது. மாண்டோர் 92 பேர். அவர்களுட் சிறுவரும் பலர். சுரங்கத்திற் கசியும் மீதேன் வாயு காற்றொடு கலந்து நிற்கையில், தொழிலாளியின் விளக்குச் சுடர் பட்டாலே போதும்.

1815இல் ஹம்பிரி டேவி என்னும் விஞ்ஞானி இதற்கொரு வழி கண்டார். சுடரைச் சுற்றி நுண்ணிய கம்பிவலை. வலை வெப்பத்தை ஈர்த்துப் பரப்பிவிடுவதால், தீ வெளியே தாவுவதில்லை. இதற்கு அவர் காப்புரிமையும் கோரவில்லை; பெருந்தன்மைதான்.

ஆயினும் நேயர்களே, சாவு குறையவில்லை. வாயு மிகுதியென்று முன்னர் கைவிட்ட இடங்களிலும், விளக்கு இருக்கிறதே என்று முதலாளிமார் ஆட்களை இறக்கினர். காற்றோட்டம் அமைக்கப் பெரும்பணம் வேண்டும், விளக்கோ மலிவு. பரிசோதகர் நிலத்தடியில் இறங்கிப் பார்க்க வழிசெய்த சட்டம் 1850இலேதான் வந்தது. நாடெங்குமுள்ள சுரங்கங்களுக்கென முதலில் நியமிக்கப்பெற்றோர் நால்வர்.