ஸ்டூலில் நின்றவர்

மருத்துவ இதழ்களில் இப்போது கட்டுரையின் கடைசியில் யார் எந்த வேலையைச் செய்தார் என்று தனியாகப் போடுகிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு விவியன் தாமஸ் நினைவுதான்.

1944 நவம்பர் 29. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில், பிறவி இதயக் கோளாறால் உடல் நீலம் பாரித்த குழந்தைக்கு டாக்டர் பிளாலாக் அறுவை சிகிச்சை செய்தார். நாய்களிடம் செய்து செய்து அந்த முறையைப் பழகியிருந்தவர், கல்லூரிப் படிப்பில்லாத கறுப்பின உதவியாளர் தாமஸ். அன்று பிளாலாக்கின் பின்னால் ஸ்டூலில் நின்று வழி சொன்னார்.

1945-இல் வந்த கட்டுரையில் பிளாலாக், ஹெலன் டவுசிக் பெயர்கள்தான். தாமஸ் பெயர் இல்லை. 1976-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் தந்தது. அப்போது பிளாலாக் உயிரோடு இல்லை.

லேபில் ஸ்லைடு பார்த்தே ரிட்டயர் ஆனவன் நான். ரிப்போர்ட்டில் கையெழுத்து எப்போதும் டாக்டருடையது. அந்த 31 வருஷம் எவ்வளவு நீளம் என்று எனக்குக் கொஞ்சம் தெரியும்.