ஒன்பதாவது அத்தியாயம்

கூட்டம் முடிந்து டீக்கடையில் நிற்கும்போது மாணவர்கள் தவறாமல் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "அக்கா, நாவல் எழுதப்போறேன். மொதல்ல எல்லாத்தையும் திட்டம் போட்டு வச்சுக்கணுமா, இல்ல வர்றபடி எழுதிப் பாக்கலாமா?" சின்னக் கேள்வி மாதிரித்தான் தெரியும். நமக்கு அது சின்னக் கேள்வி இல்லை.

எம்.ஏ. தமிழ் வகுப்பில் கதைப்பின்னல், பாத்திரப் படைப்பு, உச்சம் என்று நாவலைப் பிரித்துப் பிரித்துப் படித்தவள் நான். தலித் எழுத்து என்று வந்துவிட்டால் மட்டும் இந்தச் சொற்களெல்லாம் எங்கேயோ ஓடிப்போய்விடும். அனுபவத்தைக் கொட்டியிருக்கிறார்கள், வடிவம் கூடவில்லை என்பார்கள். அதாவது, திட்டம் போடுகிற மூளை அவர்களுக்கு. அழுது கொட்டுகிற வாய் நமக்கு. ஊர் - சேரி என்று பிரித்துவைத்த அதே பங்கீடுதான் இதுவும். நம் நாவல்கள் எழுதப்பட்ட வரலாறோ வேறுமாதிரி இருக்கிறது.

1992இல் பாமாவின் 'கருக்கு' வந்தது. அதை வெளியிட்டது இங்கே மதுரையில் இருந்த சமுதாயச் சிந்தனை செயல் ஆய்வு மையம். கன்னியர் மடத்தைவிட்டு வெளியே வந்து, கையில் ஒன்றுமில்லாமல் நின்ற ஒரு பெண், தன் ரணத்தை ஆற்றிக்கொள்ள எழுதிய நினைவுகள் அவை. நாவல் எழுதுகிறோம் என்ற நினைப்பில் அவர் உட்காரவில்லை. ஆனாலும் அதில் ஒழுங்கு இல்லையா? வருச வரிசைதான் இல்லை. ஊர், வேலை, விளையாட்டு, படிப்பு, சாமி என்று வாழ்க்கையை வகைவகையாக எடுத்துவைக்கிறார். ஒரு இடத்தில் சொன்னதற்கே இன்னொரு இடத்தில் திரும்பி வந்து வேறு கோணத்தில் பார்க்கிறார். திண்ணையில் உட்கார்ந்து நம் பொம்பளைகள் கதை பேசுவது இப்படித்தான். திட்டம் காகிதத்தில் இல்லை, பேச்சுக்குள் இருந்தது.

பத்து வருசம் கழித்து, 2002இல், அதே வீட்டிலிருந்து இன்னொரு புத்தகம் வந்தது. பாமாவின் அண்ணன் ராஜ் கௌதமன் எழுதிய 'சிலுவைராஜ் சரித்திரம்'. வத்திராயிருப்புப் பக்கத்துப் புதுப்பட்டிதான் இருவருக்கும் ஊர். தங்கை 'நான்' என்று எழுதினார். அண்ணன் தன்னையே சிலுவை என்ற பாத்திரமாக்கித் தள்ளி நிறுத்தி, பார்த்துச் சிரித்தார். ஒரே வீடு, ஒரே தெரு, இரண்டு வடிவம். எது சரி என்று கேட்பது வீண்.

தெற்கே கோவில்பட்டிப் பக்கம் பூமணி இருக்கிறார். தலித் எழுத்தாளர் என்ற அடையாளத்தை அவர் ஏற்பதில்லை. ஆனாலும் அவரைப் படிக்காமல் நாம் நகர முடியாது. 1982இல் வந்த 'வெக்கை' சின்ன நாவல். ஒரு கொலை, அப்புறம் ஒரு பையனும் அப்பனும் காட்டில் ஒளிந்து திரிகிற சில நாட்கள், அவ்வளவுதான். அதே கைதான் 2012இல் 'அஞ்ஞாடி'யைத் தந்தது. ஆயிரம் பக்கத்துக்கு மேல். 1895 கழுகுமலைக் கலவரமும் 1899 சிவகாசிக் கலவரமும் அதில் வருகின்றன. ஆய்வுக்கு ஒரு அறக்கட்டளையின் நல்கை பெற்று, ஆவணங்களைத் தேடி, வருசக்கணக்கில் உழைத்தார். அந்த அளவு திட்டமும் நமக்கு உரியதுதான். ஆனால் அதற்குக் காசும் காலமும் வேண்டும். பகலெல்லாம் வேலைபார்த்துவிட்டு ராத்திரி பத்து மணிக்குப் பேனா எடுப்பவர்களுக்கு அவை எளிதில் கிடைப்பதில்லை என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

சிவகாமி செய்தது இன்னொரு வகை. 1989இல் 'பழையன கழிதலும்' நாவலை எழுதி முடித்தார். 1997இல் அதன்மேலேயே 'ஆசிரியர் குறிப்பு' என்று இன்னொன்று எழுதி, தான் எதை ஏன் அப்படி எழுதினோம் என்று தன்னையே கூண்டில் ஏற்றினார். எழுதியதற்குப் பிறகு போட்ட கணக்கு அது.

இனி என் கதை. 2011இல் ஒரு நாவலுக்காகப் பெரிய நோட்டு ஒன்று வாங்கினேன். மேலூர்ப் பக்கத்துச் சேரி ஒன்றின் மூன்று தலைமுறைக் கதை. இருபத்தி நாலு அத்தியாயம். அம்புக்குறி, வருசப் பட்டியல், வம்சாவளி, எல்லாம் கலர்ப் பேனாவில். ஒன்பதாவது அத்தியாயம் 1939 சூலை 8, மீனாட்சி கோயில் நுழைவு. அதைப் பற்றிப் புத்தகங்கள் சொல்வது எனக்கு மனப்பாடம். வைத்தியநாத அய்யர் தலைமை தாங்கினார். உள்ளே போனவர்களில் தும்பைப்பட்டி கக்கன் ஒருவர். அன்றைக்கு எங்கள் தெருவில் என்ன நடந்தது என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை.

அது அப்பத்தாவுக்குத் தெரியும். அப்போது அதுக்குப் பத்து வயசு இருக்கும். நான் நோட்டும் கையுமாகத் திரிவதைப் பார்த்துவிட்டு ஒருநாள் சொல்லியது: "கக்கன் கோயிலுக்குள்ள போனன்னைக்கு நம்ம தெருவுல என்ன நடந்துச்சுன்னு ஒனக்குத் தெரியுமாடி? வந்து ஒக்காரு, சொல்றேன்." நான் அப்போது மூணாவது அத்தியாயத் திட்டத்தில் இருந்தேன். "ஒம்பதாவதுக்கு வரும்போது கேட்டுக்கிறேன் அப்பத்தா" என்றேன். அதுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "என்னத்த ஒம்பதோ, நீ எழுதறதுக்குள்ள நான் போய்ச் சேந்துருவேன்" என்று சிரித்தது.

2014 தைமாதம் அப்பத்தா செத்துப்போச்சு. நான் ஏழாவது அத்தியாயத் திட்டத்தில் இருந்தேன். கதையில் ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை.

அன்றைக்குத் தெருவில் சந்தோசப்பட்டார்களா, பயந்து கதவடைத்தார்களா, யாராவது அடிபட்டார்களா, இல்லை வழக்கம்போல வேலைக்குப் போனார்களா? நானாகக் கற்பனை செய்து எழுதிவிடலாம். நாவல்தானே. ஆனால் கேட்டால் சொல்ல ஆள் இருந்த ஒன்றைக் கேட்காமல் விட்டுவிட்டுக் கற்பனை செய்வது வேறு. சர்க்கார் ஆவணத்தில் நாம் வருவதெல்லாம் பெரும்பாலும் கூலிக் கணக்கிலும் குற்றவாளிப் பட்டியலிலும்தான். நம் பக்கத்துச் சாட்சியம் கிழவிகளின் வாயில் இருக்கிறது. அதற்குப் பிரதி கிடையாது.

திட்டமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பாமா மாதிரி பேச்சின் போக்கில் போகலாம், பூமணி மாதிரி ஆவணம் தேடலாம், சிவகாமி மாதிரி எழுதிவிட்டுத் திரும்பி வந்து சண்டை போடலாம். கையில் இருக்கும் சரக்கைப் பார்த்து அவரவர் முடிவு செய்யவேண்டியது அது. நான் செய்த தப்பு, கேட்கவேண்டிய நேரத்தில் கோடு போட்டுக்கொண்டிருந்தது.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் மேலூர் பஸ் ஏறுகிறேன். நோட்டை வீட்டில் வைத்துவிட்டுத்தான் போகிறேன். டீக்கடையில் கேட்கிற பிள்ளைகளிடம் சொல்வதும் இதுதான்: அத்தியாயக் கணக்கை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். உங்கள் தெருவில் எண்பது வயசைத் தாண்டியவர்கள் இன்னும் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று முதலில் எண்ணிப் பாருங்கள்.